ஆரணி கல்யாணத்துக்கு வர்றீங்களா? மண்டபத்துக்கு வெளியே எங்கே, எப்போ, என்ன சாப்பிடலாம்?

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் வாழ்த்து எமோஜிகள் வரும். அதற்கு அடுத்ததாக வருவது பெரும்பாலும் இந்த மெசேஜ்தான்: "மச்சி, கண்டிப்பா வர்றோம். ரூம் மட்டும் போட்டுடு. ஆரணில சாப்பிட எந்தக் கடை நல்லா இருக்கும்? நைட்டு உட்கார பார் ஏதாச்சும் இருக்கா?"

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் ஆரணிப் பையனோ பொண்ணோ இந்த இடத்தில் கொஞ்சம் திணறுவார்கள். பட்டு என்றால் தயங்காமல் பத்துக் கடை சொல்லலாம். புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றியுள்ள ஊர்களெல்லாம் தறி ஊர்கள். ஆனால் சாப்பாடு? நாலு கடை பெயரை டைப் செய்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. ஞாயிறு மதியம் மூணரை மணிக்கு அந்தக் கடையில் போய் நிற்கும் நண்பனுக்கு "பிரியாணி தீந்துடுச்சு சார், குஸ்கா வேணா தரட்டா?" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆரணி போன்ற ஊரில் கடையின் பெயரைவிட மணிதான் முக்கியம். எந்த நேரத்தில் எது சூடாக இருக்கும், எது இருக்காது என்று சொல்வதுதான் உண்மையான பரிந்துரை.

கல்யாணச் சாப்பாடு இருக்கும்போது வெளியே எதுக்கு?

மாமா, சித்தப்பா எல்லாரும் கேட்கும் கேள்வி இது. "பந்தி போட்டு வெச்சிருக்கோம், வெளிய போய் சாப்பிடறாங்களாம்" என்று கோபம்கூட வரும். ஆனால் கல்யாண அட்டவணையைப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும்.

நம் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலை முகூர்த்தம். வெளியூர் நண்பர்கள் முதல் நாள் மதியமே வந்து இறங்குவார்கள். மண்டபத்தில் அப்போது வாழைமரம்தான் கட்டிக்கொண்டிருப்பார்கள், சாப்பாடு கிடையாது. வரவேற்பு விருந்து எட்டு மணிக்கு மேல் களைகட்டும். மணமேடை வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, பந்திக்குப் போகும்போது சிலருக்குப் பசியே போயிருக்கும். பதினோரு மணிக்குத் திரும்பி வரும். மறுநாள் ஆறு முதல் ஏழரை முகூர்த்தம் என்றால் எட்டு மணிக்கெல்லாம் பொங்கல், வடை, கேசரி முடிந்து ஆள் ஃப்ரீ. பஸ்ஸோ காரோ கிளம்புவது மதியத்துக்கு மேல்தான்.

இன்னொரு காரணம் வெளிப்படையானது. பெரும்பாலான இந்துக் கல்யாண மண்டபங்களில் விருந்து முழுக்க சைவம். கறி விருந்து என்பது மறுவீட்டுக்குத்தான். அதற்கு நெருங்கிய சொந்தம் மட்டும் இருக்கும், ஆபீஸ் நண்பர்கள் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள். பிரியாணி நாட்டுக்கு வந்துவிட்டு வெஜ் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் மட்டும் சாப்பிட்டுத் திரும்ப அவர்களுக்கு மனம் வராது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அங்கே தேக்சாவைத் திறக்கும் வாசனை மண்டப வாசலிலேயே தெரிந்துவிடும்.

'பிரியாணி நாடு' என்றால்?

ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம். 1989-ல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு வட ஆற்காடு. சாப்பாட்டு விஷயத்தில் அந்தப் பழைய எல்லைதான் இன்றும் செல்லுபடியாகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், ஆற்காடு, ஆரணி எல்லாம் ஒரே பிரியாணிக் குடும்பம். ஆற்காடு நவாப்களின் சமையலறையிலிருந்து கிளம்பிய ருசி என்பார்கள்.

ஆம்பூர் பாணியில் அரிசி சீரகச் சம்பா. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் நிறமும் காரமும் வரும். கறி மசாலா ஒரு பக்கம் வேக, அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து வடித்து, இரண்டையும் சேர்த்து தம் போடுவார்கள். பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய் தொக்கு, தயிர் வெங்காயம். பாஸ்மதி பிரியாணிக்குப் பழகிய பெங்களூர் நண்பரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "என்னடா அரிசி இவ்ளோ பொடியா இருக்கு?" என்று ஆரம்பிப்பார். திண்டுக்கல் பிரியாணி ரசிகர்கள் வேறு வகை. அவர்களோடு வாதாட ஒரு மதியம் போதாது.

இந்தப் பிரியாணியின் கதையே தேக்சாவில்தான் இருக்கிறது. ஒரு தேக்சா தம் உடைக்கும் நேரத்திலிருந்து ஓரிரு மணி நேரம்தான் அதன் நல்ல காலம். அதனால் நண்பருக்கு அனுப்பும் மெசேஜில் "அந்த பாய் கடைல சூப்பரா இருக்கும்" என்பதோடு நிறுத்தாமல், "பன்னெண்டரைக்குப் போ, ரெண்டுக்கு மேல போகாதே" என்று சேர்த்தால்தான் அது பயன்படும். கடைக்கு ஒரு போன் போட்டு "இன்னைக்கு தம் எத்தனை மணிக்கு உடைப்பீங்க?" என்று கேட்பது இன்னும் நல்லது. பத்துப் பேருக்கு மேல் போகிறார்கள் என்றால் முதல் நாளே சொல்லிவைப்பது கட்டாயம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 63 ஆயிரம் பேர் கொண்ட நகராட்சி இது. முகூர்த்த நாளில் பத்துக் கல்யாணம் நடந்தால், நல்ல கடைகளின் தேக்சா எண்ணிக்கை அதற்கேற்ப ஏறிவிடாது.

பிரியாணி என்றே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு அநியாயமும் நடக்கிறது. ஆரணி அரிசி ஆலைகளின் ஊர். பக்கத்தில் இருக்கும் களம்பூர், பொன்னி அரிசிக்குப் பெயர் போனது. சென்னை மளிகைக் கடையில் 'களம்பூர் பொன்னி' என்று மூட்டை பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் மதியச் சாப்பாடு, அதாவது இலை போட்டுச் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வரும் 'மீல்ஸ்', யாரும் வெளியூர்க்காரருக்குச் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு நாள் பிரியாணி, பரோட்டா, விருந்து என்று சாப்பிட்ட வயிற்றுக்கு மூன்றாவது வேளை அதுதான் மருந்து.

ராத்திரி பத்து மணிக்கு மேல்?

இங்கேதான் சிட்டி பழக்கம் இடிக்கும். சென்னையில் நள்ளிரவு ஒரு மணிக்கு ஆப்பைத் திறந்தால் பிரியாணி வரும். ஆரணியில் மாலையே களம் மாறிவிடும்: தள்ளுவண்டிகள், பரோட்டாக் கல்லின் சத்தம், சிக்கன் பக்கோடா, தோசைக் கடைகள். சிறு நகரங்களில் ஒன்பதரை, பத்துக்கெல்லாம் ஷட்டர் பாதி இறங்கத் தொடங்கும். வரவேற்பு முடிந்து பதினோரு மணிக்கு ஏழு பேர் கிளம்பி வந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீயும் பன்னும்தான் உத்தரவாதம்.

இதற்கு ஒரு எளிய வழி, மண்டபச் சமையல்காரரிடம் முன்பே பேசுவது. "கடைசிப் பந்தியில இருபது பார்சல் எடுத்து வெச்சிடுங்கண்ணே" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பார்சலை ராத்திரியே சாப்பிட்டுவிட வேண்டும்; காலை வரை ரூமில் வைத்திருப்பது ஏன் கூடாது என்பதைக் கீழே பார்க்கலாம்.

சரி, பார் விஷயம்?

பெங்களூர் நண்பர் 'பார்' என்று சொல்லும்போது மனதில் நினைப்பது மங்கலான விளக்கும் மியூசிக்கும் உள்ள ஒரு பப். ஆரணியில் யாராவது 'பார்' என்றால் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சொல், ஆனால் வேறு வேறு உலகம். குறிப்பாகப் பெண் நண்பர்களும் சேர்ந்த குழு என்றால் இதை நாசூக்காக மறைக்காமல் நேராகச் சொல்லிவிடலாம்: "நீ நினைக்கிற மாதிரி இடம் இங்க இல்ல."

ஏன் இல்லை? தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை முழுக்க அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 1983-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. கடை நேரம் மதியம் 12 முதல் இரவு 10 வரை. அதற்கு வெளியே கிளப்களுக்கும் தங்கும் ஹோட்டல்களுக்கும் தனி உரிமம் உண்டு. ஹோட்டல் பார் தேடுகிறவர்கள் பொதுவாக வேலூர், திருவண்ணாமலை போன்ற பெரிய ஊர்ப் பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கும். வேலூர் சுமார் 40 கிலோமீட்டர், திருவண்ணாமலை சுமார் 60.

அந்த 40 கிலோமீட்டரில்தான் ஆபத்து இருக்கிறது. குடித்துவிட்டு ராத்திரியில் காரையோ பைக்கையோ எடுத்துக்கொண்டு திரும்புவது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறைக்கே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அபராதம் கட்டிவிடலாம். விடிந்தால் முகூர்த்தம் நடக்கவேண்டிய வீட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன்காலை யாரும் மறக்க முடியாது. போயே ஆகவேண்டும் என்றால் வண்டியும் டிரைவரும் பேசி அனுப்புவது நண்பனுக்குச் செய்யும் செலவில் உருப்படியான செலவு.

"அப்ப மண்டபத்திலேயே ஒரு ஓரமா?" இதற்கும் பதில் இல்லைதான். 2023-ல் நிகழ்ச்சிகளில் மது பரிமாற எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமத்தை அரசு கொண்டுவந்தபோது திருமண மண்டபங்களும் பட்டியலில் இருந்தன. அந்த ஏப்ரலில் எதிர்ப்பு கிளம்பியதும், மண்டபங்களை எடுத்துவிட்டார்கள். ஆக, மண்டப மொட்டை மாடியில் பாட்டில் திறப்பது 'எல்லா கல்யாணத்துலயும் நடக்கறதுதானே' என்பதால் சட்டப்படி சரியாகிவிடாது. மண்டபத்துக்காரர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் மணமகனின் அப்பா.

பெங்களூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருபவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அங்கே விலை குறைவு என்று டிக்கியில் பாட்டிலை அடுக்கிக்கொண்டு வராதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் மாட்டினால் "கல்யாணத்துக்குப் போறோம் சார்" எடுபடாது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் கல்லூரித் தம்பிகள் கவனிக்கலாம்.

தேதியும் பார்க்க வேண்டும். வருடத்தில் சில நாட்கள் டாஸ்மாக் கிடையாது: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. இதில் முதல் மூன்றும் தை முகூர்த்த சீசனைச் சுற்றியே வருகின்றன. 1937-ல் ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சேலத்தில் தொடங்கி, 1939-ல் வட ஆற்காட்டுக்கும் நீட்டியது. தாத்தா காலத்து ஆரணிக் கல்யாணங்களில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நாம் சொன்ன கடையில் சாப்பிட்டு உடம்புக்கு ஆகலைன்னா?

இதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஆரணிக்காரர்கள் யோசிக்கக் காரணம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் அசைவ உணவகத்தில் குடும்பத்தோடு பிரியாணியும் தந்தூரி சிக்கனும் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். இரண்டுமே யாரோ "அங்க நல்லா இருக்கும்" என்று சொல்லிப் போகக்கூடிய, சாதாரணமான ஊர்க் கடைகளில் நடந்தவை.

அதற்காக ஊர்க் கடையே வேண்டாம் என்று சொல்வது அபத்தம். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிமையான கணக்கு: சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சோற்றில் இது இன்னும் முக்கியம். அரிசியில் இருக்கும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. மதியம் தீர்ந்துபோகும் பிரியாணிக் கடை ஒரு வகையில் நல்ல கடை என்பதற்கு இதுதான் காரணம். ராத்திரி பத்து மணிக்கும் 'மதிய பிரியாணி' இருக்கிறது என்று சொல்லும் கடையைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும். மண்டபப் பார்சலை விடியும்வரை வைக்க வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

தந்தூரி, கிரில் வகைகளில் எலும்பை ஒட்டிய இடம் சிவப்பாக, ஈரமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. கூடவே வரும் மயோனைஸ் மேல் ஒரு கண் இருக்கட்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டதே அதன் ஆபத்து கருதித்தான்.

கடைச் சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அது இருக்க வேண்டும். கூகுள் மேப்பில் 4.6 ஸ்டார் என்பதைவிட இந்த எண்ணும், கடந்த இரண்டு மாத ரிவ்யூக்களும் அதிகம் சொல்லும். ஸ்டார் மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கியதாக இருக்கலாம். மாஸ்டர் போன மாதம் வேறு கடைக்கு மாறியிருக்கலாம். ஏதாவது தப்பு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் போட்டோவோடு புகார் அனுப்பலாம்.

எல்லாரும் பிரியாணி சாப்பிடுபவர்கள் இல்லை

ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதி தமிழ்ச் சமணர்கள் காலங்காலமாக வாழும் மண். நயினார் வீடுகள் இன்றும் உண்டு. ஆரணியை ஒட்டிய பூண்டியில் அருகர் கோயில் இருக்கிறது. போளூர் பக்கம் திருமலையில் சுமார் 16 அடி உயர நேமிநாதர் நிற்கிறார். உங்கள் நண்பர்களிலோ சொந்தத்திலோ சமணர் இருந்தால், அவர்களில் பலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள், கிழங்கு வகைகளும் வெங்காயம், பூண்டும் தவிர்ப்பார்கள். எட்டு மணி வரவேற்பு விருந்து அவர்களுக்குப் பட்டினிதான். மாலை நாலரை, ஐந்துக்கு அடுப்பு மூட்டும் ஒரு சைவ டிபன் கடையைப் பார்த்து "வெங்காயம் இல்லாம ரெண்டு தோசை, தேங்காய் சட்னி" என்று சொல்லிவைத்தால் அதைவிடப் பெரிய உபசரிப்பு இல்லை.

வயதான விருந்தாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதே கடைதான். பட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும். அக்கா, அத்தை கூட்டம் ஒன்று காலை முகூர்த்தம் முடிந்ததும் புடவை பார்க்கக் கிளம்பும். சில்க் மார்க் பார்த்து, ஜரிகை பார்த்து, விலை பேசி நிமிரும்போது மணி மூன்று ஆகியிருக்கும். பிரியாணியும் இருக்காது, சாப்பாடும் இருக்காது. அந்த நேரத்தில் இட்லி கிடைக்கும் கடை எது என்று தெரிந்து வைத்திருக்கும் ஆளுக்குத்தான் அன்றைக்குப் பெயர்.

காரில் சென்னை திரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு நிறுத்தம் சொல்லி அனுப்பலாம். வழியில் ஆற்காடு வரும். அங்கே மக்கன் பேடா வாங்க வேண்டும். பார்க்கக் குலாப் ஜாமூன் போல இருக்கும்; சொன்னால் ஆற்காட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைத்தது. வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரையும். பாகோடு டப்பாவில் கொடுப்பார்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, சீட்டில் இல்லாமல் கால் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மடியில் பட்டுப் புடவைப் பை இருக்கும்.